ஏழாவது கொசு

அம்மாவுக்குக் கொசு பிடிக்கிற வேலை. சொன்னால் பள்ளிக்கூடத்தில் சிரிப்பார்கள் என்று, 'ஆபீஸ்' என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன். சாயங்காலம் டவுனிலிருந்த பெரிய பூங்காவுக்குப் போய், புதர் ஓரம் காலை நீட்டி உட்காருவாள். காலில் வந்து உட்காரும் கொசுவை அது கடிப்பதற்குள் ரப்பர் குழாயால் உறிஞ்சிக் கண்ணாடிக் குழாய்க்குள் விட்டுப் பஞ்சால் அடைப்பாள். இடத்தையும் எண்ணிக்கையையும் மேலே எழுதி, மறுநாள் காலை ஆபீஸில் கொடுப்பாள். அங்கே வைரஸ் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

அப்படிப்பட்டவள் வீட்டில் தண்ணீர் தேங்க விடுவாளா? ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து முத்தியால்பேட்டை வீட்டுக்குத் திரும்பியதும், தேங்காய் ஓடு முதல் பிரிட்ஜின் பின்தட்டு வரை கவிழ்த்துவிட்டுத்தான் காபி குடிப்பாள். அவள் கண்ணில் படாமல், ஜன்னல் திரைக்குப் பின்னால் ஒரு பாட்டிலில் மணிபிளான்ட் வளர்த்தேன். பத்து வயதில் எனக்கென்று இருந்த சொத்து அதுதான்.

தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் டெங்கு என்றார்கள். ஓடிப்போய்ப் பாட்டிலைப் பார்த்தேன். தண்ணீரில் புழுக்கள் நெளிந்தன. பாட்டிலைக் கொல்லையில் கொட்டிவிட்டு வந்தால், திரையில் காலில் வெள்ளை வரியோடு ஒரு கொசு உட்கார்ந்திருந்தது.

"அம்மா, வீட்டுக் கொசுவையும் டெஸ்ட் பண்ணுவாங்களா?"

"பூங்கா கொசுவுக்கே ஆள் பத்தல. போயி தம்பிக்குக் கஞ்சி குடு."

தம்பிக்கு நான்தான் காய்ச்சல் கொடுத்தேனா என்று எனக்குத் தெரிந்தே ஆகவேண்டும். அம்மா குளிக்கப் போனதும் அவள் பையைத் திறந்தேன். ஒரு குழாயில் ஏழு என்று எழுதியிருந்தது. கணக்குத் தப்பக் கூடாதென்று பஞ்சை விலக்கி ஒன்றை வெளியே விட்டுவிட்டு, திரையில் இருந்ததை உறிஞ்சி உள்ளே விட்டேன். தம்பி படுத்திருக்கிற வீட்டிலேயே ஒரு பூங்காக் கொசுவைப் பறக்கவிட்ட என் புத்தியை என்ன சொல்வது!

மறுநாளே தம்பியை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிளேட்லெட் இறங்குகிறது என்று அப்பா போனில் யாரிடமோ சொன்னார். ஒவ்வொரு முறை போன் அடிக்கும்போதும் நான் கழிவறைக்கு ஓடினேன்.

நாலைந்து நாள் கழித்து, வேலையிலிருந்து வந்த அம்மா வாசற்படி ஏறாமல் நின்றாள்.

"நான் புடிச்ச குழாயிலயே வைரஸ் இருந்துச்சாம்ங்க" என்றாள் அப்பாவிடம்.

எந்தக் குழாய் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியுமே. செத்தேன் என்று நினைத்தேன்.

அம்மா பையைக் கவிழ்த்து உதறினாள். புடவைத் தலைப்பை உதறினாள். மறுபடியும் பையை உதறினாள். "பூங்காவுலேருந்து நான்தான் புள்ளைக்கு ஏத்திக்கிட்டு வந்துட்டேன்" என்று அழுதாள். நான் வாயைத் திறக்கவில்லை. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

தம்பி பிழைத்துக்கொண்டான். இன்று என்னைவிட ஓரடி உயரம்.

ஒரு குழாயில் உள்ள கொசுக்களையெல்லாம் ஒன்றாக அரைத்துத்தான் பார்ப்பார்கள், எதில் இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. என் கொசுவோ, பூங்காக் கொசுவோ, மாதாவுக்கே வெளிச்சம். அன்று நான் தப்பித்துவிட்டேன் என்று மட்டும்தான் நினைத்தேன். அம்மாவை மாட்டிவிட்டேன் என்பது அந்த வயதில் புரியவில்லை.

அவள் வேலையை விட்டுப் பல வருடமாகிறது. இப்போதும் காய்கறி வாங்கி வந்தால்கூட, எல்லாவற்றையும் படியில் கொட்டிப் பையை இரண்டு முறை உதறிவிட்டுத்தான் உள்ளே வருகிறாள்.