ஆறு வெற்றுத் துளைகள்

கனடாவில் கைத்துப்பாக்கி விற்பனையை நிறுத்துவதற்கு முந்தைய வருடம், கையில் லைசென்ஸோடு முதல் ரிவால்வர் வாங்க ஒஷாவாக் கடையொன்றுக்குப் போனேன். விற்பனையாளர் யாழ்ப்பாணத்தவர், மெலிந்த உடம்பு, மழித்த தலை. ரிவால்வர் கைமாறும்போதெல்லாம் உருளையைத் திறந்து, குண்டில்லாத ஆறு துளைகளையும் காட்டுவார்.

“இப்பதானே காட்டினனீங்கள், அண்ணை?”

“அது அப்ப.”

பெரிய சத்தம் போடும் மக்னம் குண்டு கேட்டேன். அவர் .38 குண்டுப் பெட்டியை என் பக்கம் நகர்த்தினார்.

“இந்தத் துவக்குக்கு ரெண்டும் போகும். இது அவ்வளவு உதைக்காது. முதல்ல குறி பழகுங்கோ.”

இரண்டு பெட்டி எடுத்தேன்.

“உங்களிட்ட என்ன ரிவால்வர் இருக்கு?”

“என்னட்ட ஒண்டுமில்லை. ஊரில வைச்சிருந்ததே காணும், இனி வேண்டாம்.”

சொல்லிவிட்டு உருளையை மறுபடி திறந்து காட்டினார். இம்முறை ஆறையும் ஒவ்வொன்றாக எண்ணினேன்.