சுடாத விரல்

புதுக்கடைச் சந்தியில், ததேயுஸின் புத்தகக்கடை ஓரமாக மேசை போட்டுப் பேனா சரியாக்கிக்கொண்டிருந்தான் ஞானதாசன். பேனா கசிந்தால் எல்லோரும் நிப்பைத்தான் திட்டுவார்கள். நிப் பாவம், அது என்ன செய்யும்? அதற்கு அடியில் கறுப்பாக ஒரு நாக்கு இருக்கிறது. மை அதன் வழியாகத்தான் இறங்கும். அந்த நாக்கு நிப்போடு ஒட்டாமல் விலகி நின்றால் தங்க நிப்பும் தண்டம்தான். நாக்கை வெந்நீரில் முக்கி இளக்கி, சூடு ஆறும்வரை நிப்போடு சேர்த்து அழுத்திப் பிடித்து, இரண்டையும் ஒன்றாகவே பேனாவின் கழுத்துக்குள் செருக வேண்டும். துணி சுற்றிப் பிடித்தால் வழுக்கும். வெறும் விரலோ சூடு தாங்காது. அதனால் ஊரில் பேனா வேலை எல்லாம் அரைகுறைதான்.

ஐம்பத்திரண்டாம் வருஷத்து மழைக்காலத்தில் ஞானதாசனின் வேலை மட்டும் திடீரென்று சுத்தமாயிற்று. இரணியலிலிருந்தெல்லாம் ஆள் வந்தது. கைராசி என்றார்கள். கைராசியாம்! வலது பெருவிரல் மரத்துப்போயிருந்தது, அவ்வளவுதான். நிப் முனை குத்தி ரத்தம் வந்ததைப் பார்த்த பிறகுதான் குத்தியதே அவனுக்குத் தெரிந்தது. பிறகு முழங்கைக்குக் கீழே வெளுப்பாக ஒரு தேமல். அது என்ன நோய் என்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. குஷ்டக்காரனை ஊர் எப்படி விரட்டும் என்று கண்ணால் கண்டவன் அவன். மேசை போய்விடும். மனைவி லீலாபாயை அவள் வீட்டார் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். முழுக்கைச் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டான். ஞாயிறு ஆராதனையில் முழங்காலிட்டு, "கர்த்தாவே, இந்த விரலோட நிக்கட்டும்" என்று கெஞ்சினான்.

மாசி மாதம் பள்ளிக்கூட வாத்தியார் நாராயணபெருமாள் வந்தார்.

"எழுதும்ப மை கொட்டுது வேய். வேட்டியெல்லாம் நாசம்."

"நாக்கு விலகியிருக்கு சாரே. இருங்க, இப்பம் சரியாக்கித் தாறேன்."

பக்கத்துச் சாயாக்கடையில் கொதிக்கக் கொதிக்க வாங்கிய வெந்நீரில், நிப்பையும் நாக்கையும் சேர்த்துப் பிடித்து முக்கினான். வாத்தியார் மண்டைக்காட்டுக் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போய்வந்த கதையை எடுத்தார். கூட்டத்தில் அவருடைய செருப்பு தொலைந்துவிட்டதாம். ஞானதாசன் நிமிர்ந்து சிரித்தான். கதை நீண்டது. சட்டென்று வாத்தியார் பேச்சை நிறுத்தினார்.

"வேய், விரலு வெள்ளத்துக்குள்ள கிடக்கு."

குனிந்து பார்த்தான். ஆவி பறக்கிற டம்ளருக்குள் பெருவிரல் பாதிவரை முங்கியிருந்தது. தோல் வெந்து வெளுத்துவிட்டது.

"சுடேல்லியா வேய்?"

கையை வெடுக்கென்று உருவினான். "ஐயோ, சுட்டுப்போச்சே! எனக்க அம்மோ!" என்று அலறினான். விரலை ஊதினான், உதறினான், குதித்தான். நிஜமாகவே வலித்திருந்தால் அவ்வளவு கத்தியிருக்கமாட்டான். ததேயுஸ் உள்ளேயிருந்து ஓடிவந்தான். ஞானதாசனின் கண்ணிலிருந்து நீர் கொட்டியது. அது பயத்தில் வந்த கண்ணீர்.

"நெசமாட்டு சுட்டுது சாரே. நெசமாட்டு."

வாத்தியார் இரண்டடி பின்னால் நகர்ந்து, ததேயுஸின் கையைப் பிடித்துக் கடைக்குள் கூட்டிப்போனார்.

ஞானதாசன் டம்ளருக்குள் விழுந்துகிடந்த நிப்பையும் நாக்கையும் எடுத்து, சூடு ஆறும்வரை அழுத்திப் பிடித்து, கழுத்துக்குள் செருகினான். அச்சாக உட்கார்ந்தது. தாளில் கோடு இழுத்தான். மை ஒரே சீராக இறங்கியது.

"சாரே, சரியாயிட்டு. பேனாவ எடுத்துக்கிடுங்க" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டான். மறுபடியும் கூப்பிட்டான். பேனாவை எடுக்க யாரும் வரவில்லை.