கத்தரின், எழுபத்தோராம் ஆண்டு மாணவி

1985இல் தவநாயகி, தான் யாழ்ப்பாணத்தில் படித்த மகளிர் கல்லூரிக்கு லண்டனில் ஒரு பழைய மாணவிகள் சங்கம் தொடங்கினார். டூட்டிங்கில் மண்டபம் பதிய ஐந்து பேரின் கையெழுத்து வேண்டும். தேடித் தேடியும் நான்கு பேர்தான் அகப்பட்டார்கள். ஐந்தாவதாகப் பக்கத்து வீட்டுக் கத்தரினைக் கேட்டார்.

கத்தரின் லூயிஷாமில் பிறந்த வெள்ளைக்காரி; பஸ் கண்டக்டர். யாழ்ப்பாணம் எந்தத் திசையில் இருக்கிறதென்றே தெரியாது.

“கூட்டத்தில் சாப்பாடு உண்டா?” என்று மட்டும் கேட்டார். உண்டு என்றதும் கையெழுத்துப் போட்டார்.

பெயருக்குத்தான் இருப்பார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவரோ ஒரு கூட்டத்தையும் தவறவிடவில்லை. கல்லூரிக் கீதத்தை ஆங்கில எழுத்தில் எழுதி வாங்கி, பஸ்ஸில் டிக்கெட் கொடுத்தபடியே பாடிப் பழகினார். மற்றவர்கள் இரண்டாம் சரணத்தில் வெறுமனே வாயசைக்க, கத்தரின் மூன்று சரணத்தையும் உரக்கப் பாடினார். பதினாறு ஊசி குத்திச் சேலையும் கட்டினார்.

1992இல் கல்லூரியின் முன்னாள் அதிபர் பாலாம்பிகை ரீச்சர் லண்டன் வந்தார். ஒரு மாணவியின் முகத்தையும் மறக்காதவர் என்று பெயரெடுத்தவர். எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, படித்த ஆண்டைக் கேட்டுக்கொண்டே வந்தார். தவநாயகி பதறிப்போய்க் கத்தரினைச் சமையலறைக்குள் தள்ளப் பார்த்தார். ஆள் அசையவில்லை.

“நீர் எந்த வருஷம்?”

“எழுபத்தொண்டு, ரீச்சர். விஞ்ஞானப் பிரிவு!” என்றார் கத்தரின், மற்றவர்களிடம் கேட்டுப் பாடமாக்கிய தமிழில்.

ரீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுப் பார்த்தார். மறந்துவிட்டேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

“ஓம், ஓம், ஞாபகம் இருக்கு. நெற்போல் ரீமில பந்து விளையாடின பிள்ளை. லண்டன் குளிருக்கு நல்லா வெளுத்துப்போனீர்.”

வரிசையில் பின்னால் நின்ற இன்னொரு பழைய மாணவி சிவமலர் சிரிப்பை அடக்க முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டார். கத்தரினுக்கோ கண் கலங்கிவிட்டது.

“அவருக்கு என்னை ஞாபகம் இருக்கிறது!” என்று தவநாயகியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பொய் சொன்னது தான்தான் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

மூன்று ஆண்டுகள் கழித்துத் தலைவி தேர்தலில் கத்தரின் நின்றார்.

“ஊரைக் கண்டறியாதவ எப்பிடித் தலைவியா வாறது?” என்றார் எதிர்த்து நின்ற சிவமலர்.

“ரீச்சரே ஏற்றுக்கொண்டிட்டா. நீர் ஆர் கேக்கிறதுக்கு?” என்றார் தவநாயகி.

நான்கு வாக்கு வித்தியாசத்தில் கத்தரின் வென்றார். இனி நான்கு மணிக் கூட்டம் நான்கு மணிக்கே தொடங்கும் என்று அங்கேயே அறிவித்தார். அந்த மாதமே பதினொரு பேர் சங்கத்தை விட்டு விலகினார்கள்.