படகுக்காரனைக் கரை சேர்த்தவள்

என் தங்கை ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை மடிக்கிறாள். அதே கூடத்தில் இஸ்திரி போடும் உருளை இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்பவள் நான். இருவரும் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர்கள்தான். ஆனால் மூளை முழுவதும் அவளுக்கே வந்துவிட்டது. அக்கா என்பதால் சொல்லவில்லை. கூடத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனைகளைப் பிடித்து, உதறி, எதிரெதிரே நடந்துவந்து சேர்க்க வேண்டும். தங்கைக்கு எதிரே நிற்பவளை நாங்கள் நெட்டை என்று கூப்பிடுவோம். உதறும்போது ஒரு வரி, சேர்க்கும்போது ஒரு வரி என்று தங்கை பாடுவாள். அந்தப் பாட்டு ஒரு கதை. அசந்து தூங்கிய படகுக்காரனை விட்டு அவன் மகள் கப்பலேறிப் போய்விடுகிறாள். அவன் துறைமுகம் துறைமுகமாகத் தேடிப் போகிறான். போகிற இடமெல்லாம் ஒரு வம்பு. எல்லாம் அவளே கட்டியது. அன்றைக்கு எவ்வளவு துணியோ அவ்வளவு கதை.

மகளின் வரிகளை மட்டும் உச்சக் குரலில் எடுப்பாள். உருளையின் இரைச்சலைத் தாண்டி எனக்குக் கேட்கும்.

தூங்கின அப்பாவ எழுப்பாம – நான்
தூரம் வந்தது தப்புதானே

பிறகு தங்கையின் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. அறுவை சிகிச்சை செய்தார்கள். உயிருக்கு ஆபத்தில்லை என்றதும் எனக்குப் போன மூச்சு திரும்பி வந்தது. "பேச்சு வந்துடும்மா. பாட்டு வருமான்னு இப்ப சொல்ல முடியாது" என்றார் மருத்துவர். தினமும் கொஞ்சம் பேசிப் பழகச் சொன்னார். அவளோ வாயே திறக்கவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால்கூட டம்ளரைத் தட்டுவாள். தன் குரல் எப்படி ஆகியிருக்கும் என்று கேட்டுப் பார்க்க அவளுக்கே பயம். நானும் வற்புறுத்தவில்லை. பாட்டு போய்விட்டால் அவளிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அப்படியே வேலைக்குத் திரும்பினாள். வழக்கமான இடத்தில் நின்று விரிப்பின் முனைகளைப் பிடித்தாள். அவள் இல்லாதபோது கதையை விடாமல் பாடிவந்த நெட்டை, அவளுக்குக் காட்டுகிற ஆசையில் சத்தமாகவே ஆரம்பித்தாள். புயல் வந்தது. படகு ஆடியது.

அலையொண்ணு வந்து கவுத்திடுச்சு – அவன்
ஆழக் கடலுல முடிஞ்சானே

தங்கையின் கை நின்றது. துவைத்த விரிப்பு தரையில் விழுந்தது. அதை மறுபடி துவைக்க வேண்டும் என்றுதான் முதலில் எனக்குத் தோன்றியது.

"யாருடி அவனைக் கொன்னது?"

தகரத்தை இழுத்த மாதிரி ஒரு குரல். அது அவளுடையது என்று புரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

நெட்டை திருதிருவென்று விழித்தாள். "ஒருநாள் துணி சீக்கிரம் முடிஞ்சிடுச்சு. கதையைப் பாதியில விட மனசு வரல. அதான் ஆளை முடிச்சிட்டேன்."

"துணி முடிஞ்சா ஆளை முடிச்சிடுவியா? படகு ஓட்டுறவனுக்கு நீந்தத் தெரியாதாடி?"

"எனக்கு நீந்தத் தெரியாதே!"

கூடமே சிரித்தது. தங்கை சிரிக்கவில்லை. கோபத்தில் கீழே கிடந்த விரிப்பை எடுத்து உதறினாள். உதறிய பழக்கத்தில் வரியும் வாயில் வந்துவிட்டது.

கவுந்த படகக் கட்டிக்கிட்டு – அவன்
காலையில் கரையில ஒதுங்கினானே

தாழ்ந்த, கரகரத்த குரல். கிழவன் ஒருவன் பாடுவது போல இருந்தது. உருளையை நிறுத்திவிட்டுக் கேட்டேன். மகளின் வரி வந்தபோது உச்சத்தில் குரல் உடைந்தது. பாட்டை நிறுத்திவிட்டாள். நெட்டை ஒரு அடி முன்னால் வந்து, விரிப்பைச் சேர்த்தபடியே அந்த வரியை எடுத்துக்கொண்டாள். சுதி கொஞ்சம் விலகியது. தங்கை அவளை முறைத்துவிட்டு அடுத்த வரியைப் படகுக்காரனின் குரலில் தொடர்ந்தாள்.

இப்போது மகள் பாட்டு நெட்டைக்கு, அப்பா பாட்டு தங்கைக்கு. உச்சக் குரல் திரும்பவில்லை. ஆனால் அந்தப் படகுக்காரன் இப்படித்தான் பாடியிருப்பான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அன்று வேலை முடிந்ததும் நெட்டையின் கையைப் பிடித்துக்கொண்டேன். "உனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல."

"ஆளையே கொன்னிருக்கேன், எனக்கு எதுக்கு நன்றி?" என்று கையை உருவிக்கொண்டாள். "உன் தங்கச்சிகிட்ட சொல்லி அந்தப் பொண்ணைச் சீக்கிரம் அப்பன் கண்ணுல காட்டச் சொல்லு."

நான் சொல்லவில்லை. அவன் இன்னும் கொஞ்ச நாள் தேடட்டும்.