தாய்மாமன் மடியில் போட்ட ஊசி

போன வருஷம் சாமை அறுவடை முடிந்து, மழையும் சற்று விட்டிருந்த நேரம். ஜவ்வாது மலையில் பஸ் வந்து திரும்புகிற இடத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு சின்ன ஸ்டுடியோ இருக்கிறது. கணவர் படம் எடுப்பார். ஆல்பம் போடுவது, வீடியோ வெட்டி ஒட்டுவது, ஆன்லைனில் மனு அனுப்புவது எல்லாம் என் பொறுப்பு. நான் போளூரில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி மலைக்கு வந்து ஏழு வருஷம் ஆகிறது. கம்ப்யூட்டரில் எனக்குத் தெரியாத வேலையே இல்லை என்று அப்போது கொஞ்சம் கர்வம் இருந்தது. கொஞ்சம் என்ன, நிறையவே இருந்தது. அது எப்படி இறங்கியது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடச் சொல்லி வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் சின்னச் சின்ன வீடியோ பரப்புகிற வேலையை எடுத்திருந்த ஒரு விளம்பரக் குழுவினர் எனக்கு போன் செய்தார்கள். மலைக்கிராமத்து அம்மா ஒருத்தி, தன் குழந்தைக்குத் தட்டம்மை ஊசி போட்டாயிற்று, ஒன்றுமே ஆகவில்லை என்று சொல்கிற மாதிரி ஒரு நிமிஷ வீடியோ வேண்டுமாம். முகம் மலைமுகமாக இருக்க வேண்டுமாம். மூன்றே நாளில் வேண்டுமாம்.

ஊர் ஊராகப் போய் ஒரு அம்மாவைத் தேடிப் பிடித்து, அவளைச் சம்மதிக்க வைத்து, பேசவும் வைக்க எனக்கு ஏது பொறுமை? இருந்த இடத்திலேயே ஹார்ட் டிஸ்க்கைத் திறந்தேன். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு மலைக்கிராமத்தில் கணவர் எடுத்த காதுகுத்துப் படங்கள் கிடைத்தன. தாய்மாமன் மடியில் குழந்தை. வாய் காது வரை கிழிய அழுகிறது. பக்கத்தில் குனிந்து அதன் கண்ணைத் துடைக்கிற அம்மா. ஊசி போட்டால் ஒரு குழந்தை எப்படி அழுமோ அப்படியே இருந்தது. இதைவிட வேறென்ன வேண்டும் என்று தோன்றிவிட்டது.

காது குத்துகிறவரின் கையை அழித்துவிட்டு, கையுறை போட்ட நர்ஸ் கையை ஒட்டினேன். கழுத்து மாலையை எடுத்தேன். சந்தனம் பூசின மொட்டைத் தலையில் ஒரு குல்லாய் மாட்டினேன். கடைசியில் அந்த அம்மா பேசுவது போல என் குரலையே சற்று மாற்றிப் பேசிச் சேர்த்தேன். "எம் பையனுக்கு ஊசி போட்டுட்டேன், ஒண்ணும் ஆவல, நீங்களும் போடுங்க" என்று நான் பேசினதைக் கேட்டு என் கணவரே சிரித்தார். அந்த அம்மாவை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாமா என்று அவர் கேட்டார். நல்ல விஷயத்துக்குத்தானே, கோபித்துக்கொள்வார்களா என்று நான்தான் வாயை அடைத்துவிட்டேன்.

வீடியோ இரண்டே நாளில் மலை முழுக்கச் சுற்றியது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று மணிக்கொரு தரம் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் டீக்கடைக்குப் போன கணவர் முகம் தொங்கிப்போய் வந்தார். அங்கே எல்லோரும் வீடியோவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்களாம். நான் எல்லாவற்றையும் மாற்றினேன், அந்தத் தாய்மாமன் போட்டிருந்த கிளிப்பச்சைச் சட்டையை மாற்ற மறந்துவிட்டேன். அந்தக் காதுகுத்துக்குச் சுற்றுப்பட்ட ஊர்க்காரர்கள் எல்லாம் போய்ச் சாப்பிட்டு வந்தவர்கள். தாய்மாமன் யார், என்ன சட்டை போட்டிருந்தான் என்பதெல்லாம் அவர்களுக்கா தெரியாது?

சிரிப்போடு போயிருந்தால் பரவாயில்லை. அதற்குப் பிறகு வந்ததுதான் என்னை உட்கார விடவில்லை. ஊசி நல்லது என்றால் எதற்குப் பொய்ப் படம் காட்ட வேண்டும் என்று ஒருவர் குரூப்பில் குரல் பதிவு போட்டார். அதற்குக் கீழே, ஊசி போட்ட குழந்தைக்குக் கை கால் விளங்காமல் போய்விட்டதாக எங்கிருந்தோ வந்த பழைய வீடியோவை இன்னொருவர் போட்டார். அது உண்மையா பொய்யா என்று யாரும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்கள்? ஊசி போடச் சொல்கிறவர்கள்தான் பொய் சொல்வார்கள் என்று நான்தான் காட்டிக்கொடுத்திருந்தேனே.

அந்த வாரம், ஊசி போடுகிற நாளான புதன்கிழமை மதியம் நர்ஸ் அக்கா கடைக்கு வந்தார். பத்து வருஷத்துக்கும் மேலாக ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு இந்த மலை ஊர்களுக்கெல்லாம் போய் வருகிறவர். பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டார். அந்தக் காதுகுத்து நடந்த ஊர் அங்கன்வாடியில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாராம். ஒரு குழந்தைகூட வரவில்லையாம். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"அந்தக் கொழந்தைக்கு ஊசியே போடலம்மா," என்றார். "காதுகுத்து முடியட்டும், காய்ச்சல் கீய்ச்சல் வந்தா விசேஷம் கெட்டுப்பூடும்னு தள்ளிப் போட்டுகினே இருந்திச்சி அந்தப் பொண்ணு. ரெண்டு மாசமா பேசி, இந்தப் புதன்கெழமை வர்றேன்னு சொல்ல வச்சிருந்தேன்."

மலைக்குக் கீழே சில குழந்தைகளுக்குத் தட்டம்மை வந்திருப்பதாகவும் சொன்னார். சந்தைக்கும் வேலைக்கும் தினமும் ஏறி இறங்குகிற ஜனங்கள். அது மேலே வர எத்தனை நாள் ஆகும்? ஊசி போட்டுவிட்டதாக ஊருக்கே நான் காட்டிய குழந்தைதான், என்னாலேயே ஊசி இல்லாமல் இருந்தது.

உடனே விளம்பரக் குழுவினரைக் கூப்பிட்டு வீடியோவை எடுக்கச் சொன்னேன். நன்றாகத்தானே ஓடுகிறது என்றார்கள். நான் போட்ட சத்தத்தில் மறுநாள் எடுத்தார்கள். குரூப்பில் மன்னிப்பும் கேட்டேன். அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. நேரில் போவதைத் தவிர வழியில்லை என்று நர்ஸ் அக்காவையும் ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டியில் கிளம்பினேன். கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட் வேறு. என்னவோ விருந்துக்குப் போகிற மாதிரி.

அந்தப் பெண் பாறையில் சாமையைக் காயவைத்துத் துழாவிக்கொண்டிருந்தாள். என்னைவிட நாலைந்து வயது இளையவள். குழந்தை புளியமரத்தடியில் சேலையில் கட்டிய ஏணையில் தூங்கிக்கொண்டிருந்தது. அவள் தம்பி, அதுதான் கிளிப்பச்சைச் சட்டைக்காரன், பக்கத்தில் நின்றான். அவனிடமிருந்து போனை வாங்கி, அதில் இருந்த என் வீடியோவை ஓட்டி என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இது யாரு கொரலு அக்கா?"

"என்னுதுதான்மா," என்றேன். தப்புதான், கேட்காமல் செய்துவிட்டேன், ஆனால் ஊசி நல்லது, அதில் பொய் இல்லை என்று மளமளவென்று சொன்னேன். அவள் துழாவுவதை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தாள். நான் மூச்சு வாங்கின நேரம் பார்த்துக் கேட்டாள்.

"உன் கொழந்தைக்குப் போட்டியா?"

இங்கேதான் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். என் மகளுக்கு ஒன்றரை வயது முடிந்திருந்தது. அந்த வயதில் போட வேண்டிய ஊசியை நான் போடவில்லை. முந்தின தடவை போட்டபோது காய்ச்சல் வந்து ஒரு ராத்திரி முழுக்கத் தூக்கிக்கொண்டு திரிந்தேன். அதன்பிறகு அந்தக் கை கால் விளங்காத வீடியோ என் போனுக்கும் வந்திருந்தது. நம்பினேன் என்று சொல்ல முடியாது. ஆனால் சளி பிடித்திருக்கிறது, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். ஊருக்கெல்லாம் வீடியோ வெட்டிக் கொடுத்தவள் வீட்டில் இதுதான் லட்சணம்.

போட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் தப்பித்திருக்கலாம். என் மகளின் ஊசிக் கணக்கு தெரிந்த நர்ஸ் அக்கா பக்கத்திலேயே நின்றதால் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். அவர் இல்லாதிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ, தெரியாது.

"இல்லம்மா, இன்னும் போடல," என்றேன்.

அவள் கை நின்றது. "அப்ப இன்னாத்துக்கு அக்கா, நீயே நம்பாதத எடுத்து எம் வாயில வச்சிப் பேசுன?"

அழுகை வந்தது. ஆனால் அழுதால் அதுவும் ஒரு நாடகமாகத் தெரியுமோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவளே முடிவு சொன்னாள். வருகிற புதன்கிழமை என் மகளை இங்கே தூக்கி வர வேண்டும். எல்லோரும் பார்க்க அவளுக்கு முதலில் போட வேண்டும். அதன்பிறகு தன் மகனுக்குப் போடுவாள். போன், கேமரா எதுவும் எடுக்கக் கூடாது. கிளம்பும்போது பிஸ்கட் பாக்கெட்டையும் என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அந்த ஒரு வாரத்தில்தான் நான் நர்ஸ் அக்காவிடம் முதல் முறையாகக் கேள்வி கேட்டேன். வீடியோவுக்காக அவர்கள் அனுப்பிய வாசகத்தில், ஒன்றும் ஆகாது என்று மட்டும்தான் இருந்தது. இவர் அப்படிச் சொல்லவில்லை. காய்ச்சல் வரலாம், போட்ட இடம் வீங்கலாம், குழந்தை சிணுங்கும், மாத்திரை எவ்வளவு கொடுக்க வேண்டும், எப்போதாவது யாருக்காவது ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்பதால்தான் போட்டபிறகு அரை மணி நேரம் உட்கார வைக்கிறோம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். தட்டம்மை வந்து மோசமான குழந்தைகளைப் பார்த்திருப்பதையும் சொன்னார். "ஒண்ணும் ஆவாதுன்னு நான் ஒரு நாளும் சொன்னதில்லம்மா. அதனாலதான் என்னை நம்புறாங்க," என்றார். அவ்வளவையும் கேட்டபிறகு என் பயம் குறைந்ததுதான் ஆச்சரியம்.

புதன்கிழமை அங்கன்வாடி வாசலில் ஊரில் பாதிப் பேர் நின்றார்கள். குழந்தைகளைக் கொண்டுவந்தவர்கள் குறைவு, வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அதிகம். என் மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கையில் ஒன்று, தொடையில் ஒன்று. அவள் அழுத அழுகையில் எனக்கும் அடக்கி வைத்திருந்தது உடைந்துவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. அரை மணி நேரம் அத்தனை பேரும் என் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் பாதி நேரத்திலேயே அழுகையை விட்டுவிட்டு, யாருடைய செருப்பையோ இழுத்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பெண் மகனைத் தூக்கி வந்தாள். அப்போது அவள் தம்பி முன்னால் வந்து, மடி நான் கொடுக்கிறேன் என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்தான். காதுகுத்தின அன்று போலவே மருமகன் தாய்மாமன் மடியில் வாய் கிழிய அழுதான். அவள் குனிந்து கண்ணைத் துடைத்தாள். நான் பொய்யாக ஒட்டிச் செய்த படம் என் கண்ணெதிரே நிஜமாக இருந்தது. சட்டை மட்டும் வேறு. அவனுக்கும் விட்டுப்போன இன்னொரு ஊசியைத் தொடையில் போட்டார்கள்.

அதோடு முடிந்ததா? மறுநாள் விடிந்ததும் என் மகளுக்கு உடம்பு கொதித்தது. மாத்திரை கொடுத்து மதியத்துக்குள் இறங்கிவிட்டது. ஆனால் அந்தக் குழந்தை? அந்தப் பெண்ணின் தம்பி போனுக்கு அடித்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றே வந்தது. அந்த ஊரில் ஏரிக்கரைப் பக்கம் போனால்தான் சிக்னல் கிடைக்கும். நர்ஸ் அக்கா வேறு ஊருக்குப் போயிருந்தார். குழந்தைக்கு ஏதாவது ஆகியிருந்தால், சாதாரணக் காய்ச்சலே சற்று அதிகமாகியிருந்தால்கூட, இனி இந்த மலையில் ஊசிக்கு யார் கை நீட்டுவார்கள்? அந்த ஊரை விடுங்கள், அந்தப் பெண் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? கடையைப் பூட்டிவிட்டு நேரில் போய்விடலாம் என்று சாவியைத் தேடிக்கொண்டிருந்தபோது போன் சத்தம் போட்டது.

ஒரு வீடியோ வந்திருந்தது. தம்பி எண்ணிலிருந்து. படம் ஆடியது, பாதி நேரம் தரைதான் தெரிந்தது. குட்டையாக முடி வளர்ந்திருந்த தலையோடு அந்தக் குழந்தை, நொண்டி நொண்டி ஒரு கோழியைத் துரத்திக்கொண்டிருந்தது. பின்னால் அம்மாவின் குரல், அவளுடைய சொந்தக் குரல்.

"நேத்து சாயந்திரம் காய்ச்சல் வந்திச்சி. மாத்திர குடுத்தேன், காலைல எறங்கிடுச்சி. தொட வீங்கிகினுகீது, நடக்க சொல்லோ அழுவுறான். மத்தபடி நல்லாகீறான். அக்கா, இத குரூப்புல போடு. எதயும் வெட்டாம போடு."

கல்லாவுக்குப் பின்னாலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்பாடா என்று வந்த மூச்சு எத்தனை நாளாக உள்ளே இருந்ததோ தெரியவில்லை. கணவர் என்னவோ ஏதோ என்று பதறிப்போய் ஓடிவந்தார். போனை அவரிடம் கொடுத்துவிட்டு நன்றாக அழுதேன்.

ஆட்டம், தரை, கோழிச் சத்தம் எதையும் தொடாமல் அப்படியே போட்டேன். அடுத்த புதன்கிழமை எல்லோரும் வந்துவிடவில்லை. சிலர் வந்தார்கள், அதற்கடுத்த வாரம் இன்னும் சிலர். தட்டம்மை அந்த ஊருக்கு வரவே இல்லை.

இப்போதும் ஆன்லைன் பிரசார வேலைகள் வருகின்றன. வாசகம் வந்ததும் என் மகளை ஒரு முறை பார்த்துக்கொள்கிறேன், இதை அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேரே என் சொந்தக் குரலில் சொல்ல முடியுமா என்று கேட்டுக்கொள்கிறேன், முடியும் என்றால்தான் கம்ப்யூட்டரையே திறக்கிறேன்.