பொடி மேல் போட்ட பழி

என் மகன் என் மருமகளை முதல் தடவை அடித்ததை நான் கண்ணால் பார்க்கவில்லை. சத்தம்தான் கேட்டது. கல்யாணமான வருசம், குழம்பில் உப்பு கூடிப்போச்சு என்று அடித்தான். நான் அடுப்படிக்குப் போனபோது அவள் உதட்டை முந்தானையால் அமுக்கிக்கொண்டிருந்தாள். அவள் என் அண்ணன் மகள். கோம்பையில் என் பிறந்த வீட்டிலிருந்து நானே கேட்டுக் கட்டிக்கொண்டு வந்த பிள்ளை.

பொடி வந்தது அதற்கெல்லாம் பிறகுதான். கம்பம் டவுனில் ஜிம்முக்குப் போக ஆரம்பித்தான். அங்கே இருந்த மாஸ்டர் கருப்பு டப்பா ஒன்றை விற்றார். பாலில் கலக்கிக் குடித்தால் சதை ஏறுமாம், மூட்டு தேயாதாம், ரத்தம் சுத்தமாகுமாம், எல்லாம் ஆராய்ச்சியில் நிரூபித்ததாம். டப்பாவில் இங்கிலீசில் போட்டிருந்தது. நான் அஞ்சாப்போடு பள்ளிக்கூடம் நின்றவள், மருமகள்தான் படித்துச் சொன்னாள்.

அவன் தோள் திரண்டது நிசம். ஆனால் அப்போதுதான் தினமும் முட்டை, ஆட்டுக்கறி என்று தின்றான், காலையும் சாயந்திரமும் இரும்பு தூக்கினான். எதனால் திரண்டது என்று யார் கண்டது?

எங்கள் ஊர் காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டத்துக்குப் புது மருந்து வாங்கினால், ஒரு வரிசைக்கு மட்டும் அடிக்காமல் விடுவோம். அதையும் மற்றதையும் ஒத்துப் பார்த்துத்தான் மறுபடி வாங்குவது. கடைக்காரர் எவ்வளவு சொன்னாலும் சரி, இந்த விசயத்தில் என் மகன் கறாராக இருப்பான். மருமகளும் அந்தத் தோட்டத்தில் வேலை பார்த்தவள்தானே.

ஒரு நாள் மாஸ்டர் புது டப்பாவோடு வீட்டுக்கே வந்தார். காப்பி கொடுத்துவிட்டு அவள் கேட்டாள்.

"இதைக் குடிக்காம, மத்ததெல்லாம் இதே மாதிரி சாப்பிட்ட ஆளுகளையும் வச்சுப் பாத்தாகளாண்ணே?"

"வெளிநாட்டுல பாத்திருப்பாக தங்கச்சி. இந்தா போட்டோ." போனில் ஒல்லி உடம்பு ஒன்று, அடுத்து தடித்த உடம்பு ஒன்று.

"ரெண்டுலயும் தலையைக் காணோமே. ஒரே ஆளுதானா?"

மாஸ்டர் சிரித்தார். என் மகனும் சிரித்தான். பைக் தெருமுனை திரும்புகிற வரைக்கும் வாசலில் சிரித்துக்கொண்டே நின்றான். உள்ளே வந்து கதவைச் சாத்தினான்.

"வந்த ஆளு முன்னாடி என்னைய மட்டந்தட்டுறியா?"

கூந்தலைப் பிடித்துச் சுவரில் மோதினான். மருந்தடிக்கிற இரும்புக் குழாய் மூலையில் கிடந்தது, அதை எடுத்தான். நான் அவன் கையில் தொங்கினேன். உதறிய உதறலில் தண்ணீர்க் குடத்தின் மேல் போய் விழுந்தேன். அவள் தலையைக் காப்பாற்றக் கையைத் தூக்கினாள். எலும்பு முறிந்த சத்தம் பச்சைக் குச்சியை ஒடித்தது மாதிரி இருந்தது. அண்ணன் வந்து அவளைக் கோம்பைக்குக் கூட்டிப் போனார்.

பொடிதான் காரணம் என்று முதலில் சொன்னது என் அண்ணி. "அது சூடு. மூளைக்கு ஏறிருச்சு," என்றாள். சொந்தக்காரர்கள் எல்லாரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். என் மகன் எல்லாரையும் விட இறுக்கிப் பிடித்துக்கொண்டான். தெருவே பார்க்க டப்பாவைச் சாக்கடையில் கவிழ்த்தான். உடம்பைத் தேற்றும் என்று மாஸ்டர் சொன்னதை நம்பின மாதிரியே, மனுசனைக் கெடுக்கும் என்று அண்ணி சொன்னதையும் நம்பினார்கள். ரெண்டையும் யாரும் ஒத்துப் பார்க்கவில்லை.

தை மாசம் கோம்பையில் அண்ணன் வீட்டில் கூடினோம், என் மகனும் வந்திருந்தான். அண்ணன் தொண்டையைச் செருமினார்.

"மாப்ள பொடியை விட்டு மாசக்கணக்காச்சு. தங்கமான புள்ளதான். இனி இவளை அங்கன அனுப்பிரலாம்."

மருமகள் அடுப்படி நிலையில் நின்றாள். கட்டுப் பிரித்த கை கோணலாகத்தான் சேர்ந்திருந்தது. அவள் அப்பாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். நாலு பேர் கூடின இடத்தில் நான் வாய் திறந்ததே கிடையாது. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"பொடி வாறதுக்கு முன்னாடியும் அடிச்சாண்ணே."

அண்ணன் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"விட்ட பிறகும் அடிக்கிறான். வீட்டுல இப்ப நான் மட்டுந்தான இருக்கேன்." வளையலை மேலே தள்ளி, மணிக்கட்டில் கன்றிக் கிடந்ததைக் காட்டினேன். "அவன் பொடி குடிச்ச நாள்ல, அந்த மாஸ்டரை ஒரு அடி அடிச்சிருப்பானா?"

"பெத்தவ பேசுற பேச்சா இது?" என்றாள் அண்ணி.

அவள் முடிக்கவில்லை, என் மகன் எறிந்த செம்பு பறந்து வந்தது. என் புருவத்தில் பட்டுத் தெறித்து விழுந்தது. ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. அவன் உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டி வந்து என் இடுப்பில் மிதித்தான். "கிழவி, உன்னையத்தான் மொதல்ல கொல்லணும்," என்றான். இழுத்துப் பிடித்த பிறகும் கால் எட்டி எட்டி உதைத்துக்கொண்டிருந்தது. அண்ணன்தான் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துத் தெருவில் தள்ளினார். பைக் கிளம்புகிற சத்தம் கேட்டது.

அண்ணி வந்து பழைய சேலையைக் கிழித்து என் தலையில் கட்டினாள்.

பொழுது சாய்கிற நேரத்துக்கு என் பையை எடுத்தேன்.

"எங்க போறீக அத்தை?" என்றாள் மருமகள்.

"வீட்டுக்கு. பஸ் போயிரும்."

"அங்கன போயி?"

அவள் நல்ல கையால் பையை வாங்கி உள்ளே கொண்டு போய் வைத்தாள். அண்ணன் எங்கள் பக்கம் திரும்பாமலே, "ரெண்டு பேருக்கும் சோத்தைப் போடு," என்றார் அண்ணியிடம்.