தெள்ளுப்பூச்சிக்குப் பிரசவம்

பேருந்து நிலையத்துக்கு எதிரே, சலூனுக்கும் செருப்புக்கடைக்கும் நடுவில் ஒரு செல்போன் ரிப்பேர் கடை. ஒருத்தர் உள்ளே திரும்பி நிற்க வேண்டுமென்றால் இன்னொருத்தர் வெளியே போக வேண்டும், அவ்வளவுதான் இடம். கடைக்காரியை எல்லோரும் டிஸ்ப்ளே அக்கா என்பார்கள். உடைந்த திரையை மாற்றுவதில் கை அவ்வளவு சுத்தம்.

திரைக்குள் சாம்பல் நிறத்தில் மெல்லிய தாள் ஒன்று ஒட்டியிருக்கும். போலரைசர் என்று பெயர். ஒளியை ஒரே வாட்டத்தில் மட்டும்தான் விடும். அதில் இரண்டை ஒன்றின் மேல் ஒன்று வைத்துத் திருப்பினால், ஒரு கட்டத்தில் கும்மிருட்டாகிவிடும். வாடிக்கையாளர் யாரும் வராத ஒரு மத்தியானம், அக்கா அந்த இருட்டுக்கு நடுவில் கண்ணாடி போன்ற ஒரு பிளாஸ்டிக் ஸ்பூனைச் செருகிப் பார்த்தாள். ஸ்பூன் மட்டும் ஊதாவும் பச்சையுமாக ஜொலித்தது. அன்றைக்குப் பிடித்த கிறுக்கு.

மூடிப்போன டியூஷன் சென்டர் ஒன்று கழித்துப்போட்ட மைக்ராஸ்கோப்பை வீட்டுக்குத் தூக்கி வந்தாள். விளக்குக்கு மேல் ஒரு தாள், லென்ஸுக்கு மேல் ஒரு தாள். உப்பைப் பார்த்தாள், அது இருட்டாகவே கிடந்து ஏமாற்றிவிட்டது. சர்க்கரை வாணவேடிக்கை காட்டியது. பிறகு மொட்டைமாடித் தொட்டியிலிருந்து ஒரு சொட்டு மழைத் தண்ணீர். அதில் கடுகைவிடச் சின்னதாகத் தண்ணீர்த் தெள்ளுப்பூச்சிகள் துள்ளிக்கொண்டிருந்தன. தாளைத் திருப்பியதும் உடம்பு மறைந்துபோய், தசைகள் மட்டும் வெள்ளி இழைகளாக மின்னின. கடை மூடினால் போதும், அக்காவுக்கு வேறு நினைப்பே இல்லை.

இதற்கு முட்டுக்கட்டை நாத்தனார் வடிவில் வந்தது. பிரசவ வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் எந்த மூலைக்குப் போனாலும் பினாயில் வாசனை அவருக்கு முன்னால் போகும். தேங்கிய தண்ணீரில் கொசு வரும், ஞாயிற்றுக்கிழமை தொட்டியைக் கவிழ்க்கப் போகிறேன் என்று அறிவித்துவிட்டார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. அக்காவின் கணவர் பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

“கவுத்துடுங்க அண்ணி. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை பாத்துட்டுப் போங்க” என்றாள் அக்கா.

பிளீச்சிங் பவுடர் பொட்டலத்தைக் கையில் வைத்தபடியே அவர் குனிந்தார். இருட்டில் என்னவோ மினுமினுக்கிறது, வேறொன்றும் தெரியவில்லை என்றார். அக்கா மேல் தாளை லேசாகத் திருப்பினாள். இருட்டு சாம்பலாகி, பூச்சியின் உடம்பும் தெரிந்தது. நாத்தனார் இன்னும் கொஞ்சம் குனிந்தார். பொட்டலத்தை மேசையில் வைத்தார்.

“இவ நிறைமாசமா?”

அக்கா எட்டிப் பார்த்தாள். ஆமாம், முதுகுப்பக்கத்துப் பையில் குஞ்சுகள் நெளிந்துகொண்டிருந்தன, ஒவ்வொன்றுக்கும் கரும்புள்ளியாக ஒரு கண். அதற்குமேல் மைக்ராஸ்கோப் அக்காவின் கையில் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்த நாத்தனார், தண்ணீர் வற்றுகிறது ஒரு சொட்டு விடு என்றார், மேசையில் சாயாதே என்றார். சாப்பாடு ஆறிப்போனது.

கடைசியில் தாய் வாலை வளைத்துக் கொடுக்க, குஞ்சுகள் ஒவ்வொன்றாக நழுவி வெளியே வந்தன. அக்கா தாளை முழுக்கத் திருப்பினாள். கும்மிருட்டில் குட்டிக் குட்டிப் பொறிகள் துள்ளின.

“ஒண்ணுகூட அழலையே” என்றார் நாத்தனார், மெல்ல.

“தண்ணிக்குள்ள எப்படி அண்ணி அழும்?”

அவர் சிரித்தார். பிறகு, லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமலே, வேலையை விட்டதிலிருந்து ஒரு பிரசவம்கூடப் பார்க்கவில்லை, காலையில் எழுந்தால் கை சும்மா கிடக்கிறது என்று சொன்னார். அதுவரை வீட்டில் யாருக்கும் அது தெரியாது. அக்கா அவர் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

தாயும் பிள்ளைகளும் சொட்டோடு சொட்டாகத் தொட்டிக்கே திரும்பினார்கள். கொசு முட்டையிடாதபடி நாத்தனாரே தொட்டியை வலையால் மூடி இழுத்துக் கட்டினார். பிளீச்சிங் பவுடர் குளியலறைக்குப் போனது.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவுக்குத் தன் மைக்ராஸ்கோப்பில் கண் வைக்க இடமே கிடைப்பதில்லை. எங்கேயாவது இன்னொன்று கழித்துப்போட்டிருக்கிறார்களா என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.